தொடக்கூடாத கேபிள்

"யோவ் வெர்னன், உன் கேபிள் என் இடத்துல கிடக்கு. தடுக்கி விழுந்து நான் சாகணுமா?"

பக்கத்து வண்டி டோரீன் ஆரம்பித்துவிட்டாள். அரிசோனா பாலைவனத்து முகாமில் வீட்டு வண்டிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறியாக வேண்டும். மாறும் நாளெல்லாம் இந்தக் கச்சேரிதான்.

வெர்னனுக்கு எண்பது வயது. கரண்ட் கம்பத்தில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிற்பார். கட்டைவிரல் பருமனான கரண்ட் கேபிள் விடிகாலைக் குளிரில் விறைத்து, மலைப்பாம்பாய்க் கிடக்கும். டோரீன் பாய்ந்து வந்து அதை வளையம் வளையமாகச் சுருட்டி, அவர் வண்டியின் அடி அறைக்குள் தொம்மென்று எறிவாள்.

"சோம்பேறி. அடுத்த தடவை வெட்டிப் போட்டுடுவேன்."

"போடி வாயாடி," என்பார் வெர்னன். வண்டி கிளம்பும்.

முகாம் கமிட்டித் தலைவர் லாயிடுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலை வாசலில் கொடி பிடித்தவர். கமிட்டியைக் கூட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெர்னனை யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவனைக் கேட்டுக்கொண்டா நியாயம் வழங்குவார்கள்?

டோரீனைக் கூப்பிட்டார்கள்.

"இனிமே அவர் கேபிளை நீ தொடக்கூடாது. திட்டவும் கூடாது. மீறினா முகாமை விட்டு வெளிய," என்றார் லாயிட்.

"லாயிட், அது வந்து..." டோரீன் சுற்றிலும் பார்த்தாள். கமிட்டி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சரி. தொடல."

மறுநாள் இடம் மாறும் நாள். வெர்னனின் மகள் ஜூடித் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"சொன்னது ஞாபகம் இருக்காப்பா? தனியா எல்லாத்தையும் கட்டிக் கிளம்ப முடிஞ்சா இங்கேயே இருங்க. முடியலேன்னா வண்டிச் சாவி என்கிட்ட. முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

"நல்லாப் பாத்துக்க," என்று சிரித்தார் வெர்னன். பிளக்கைப் பிடுங்கினார். நின்றார்.

டோரீன் வண்டியின் ஜன்னல் திரை மூடியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே குனிந்தார். கேபிள் இடுப்புவரை வந்தது. அதற்கு மேல் தோள் எழவில்லை. கேபிள் கீழே விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது.

ஜூடித் கையை நீட்டினாள். சாவி கைமாறியது.

லாயிட் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"மனசத் தளர விடாதீங்க வெர்னன். அந்தப் பொம்பளை இனிமே உங்க கேபிளைத் தொட மாட்டா, ஒரு வார்த்தை திட்ட மாட்டா. கமிட்டி பாத்துக்கிச்சு."

வெர்னன் மெதுவாகத் திரும்பினார்.

"அடப்பாவிகளா. இன்னைக்கு அவ திட்ட வராதது உங்க வேலையா?"