பதினோராவது மனு

"ஏர்போர்ட்டை நீட்டச் சொன்னா, வந்தவர் டேப்பை நீட்டுறார்!"

தீந்தா சத்தமாகவே சொன்னாள். பசிபிக் கடலில், வெள்ளைக்காரன் ஆளும் கில்பர்ட் தீவுகளில் கடைக்கோடியில் கிடக்கும் எங்கள் தீவின் சபையில் அவள் ஒருத்திதான் பெண். வாய் மட்டும் பத்துப் பேருக்குச் சமம்.

பெரிய விமானம் இறங்க ஓடுபாதையில் இன்னும் ஆயிரம் அடி வேண்டும் என்று லண்டனுக்குப் பத்து வருஷமாக மனு. இப்போது வருவது நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். நோயாளியைப் படுக்க வைக்க இடமில்லை.

போன வருஷம் தென்னையிலிருந்து விழுந்து தீந்தாவின் புருஷனுக்கு முதுகு முறிந்தது. கப்பல் வர ஒன்பது நாள் ஆனது. அவன் ஆறு நாள்தான் தாங்கினான்.

பதினோராவது மனுவுக்குத்தான் காலனி அரசாங்கம் பென்ரோஸ் துரையைக் கப்பலில் அனுப்பியிருந்தது. பேச்சை மொழிபெயர்க்க, எங்கள் இனத்தான் தியோபா கூட வந்திருந்தான்.

துரை மண்டியிட்டு அளந்தார். பாதையில் இருந்த நண்டு வளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நண்டு மனு எழுதாதில்ல, அதான் உடனே கவனிக்கிறாங்க!" என்றாள் தீந்தா.

கடைசியில் துரை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கம்பத்தில் ஒட்டினார்.

"என்னடா எழுதியிருக்கு?"

தியோபா தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தான். "அக்கா... இன்னையிலேர்ந்து ஏர்போர்ட்டை மூடியாச்சு. விமானம் இறங்கினா ஆபத்தாம்."

"அடப்பாவி! இருந்ததையும் பிடுங்கிட்டானே!"

துரைக்காகச் சுட்ட மீன் அத்தனையும் நாய்களுக்குப் போனது. அவர் படகேறும்வரை ஊரே கரையில் நின்று திட்டியது.

"என்ன சொல்றாங்க?" என்றார் துரை.

"நல்லபடியா போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க துரை" என்றான் தியோபா.

மறுவாரமே அரசாங்கக் கப்பல் ஒன்று, டாக்டரோடு வந்து எங்கள் கடலில் நங்கூரம் போட்டது.

"மூடினதை நாம திறந்துடுவோமாம். அதுக்குக் காவல்! டாக்டர் சும்மா கண்துடைப்பு" என்றாள் தீந்தா.

மூன்றாம் மாதம் இன்னொரு கப்பல் வந்தது. அதிலிருந்து புல்டோசர் இறங்கியது. பின்னாலேயே பென்ரோஸும் தியோபாவும்.

தீந்தா குறுக்கே போய் நின்றாள். "இப்ப எதை இடிக்க வந்தீங்க?"

துரை நிதானமாகப் பதில் சொன்னார். தியோபாவால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, ஓடிட்டிருக்கிற ஏர்போர்ட்டை ஒரு அடி நீட்டணும்னாலும் லண்டன் சம்மதிக்கணுமாம். ஆபத்துன்னு மூடினதைச் சரிபண்ணித் திறக்க நம்ம கவர்னர் கையெழுத்தே போதுமாம். ஆனா, திறக்கும்போது அது எவ்வளவு நீளம் இருக்கணும்னு சட்டத்துல எழுத மறந்துட்டாங்களாம்!"