ஆண்வாடை ஆகாத தொட்டி

"மீன்தொட்டி வைக்க ஆம்பளைய அனுப்பினீங்க, காலை ஒடிச்சிடுவேன்! பொம்பளை இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா தொட்டியே வேணாம்!"

வண்ணமீன் கடைக்காரரிடம் தொலைபேசியில் இவ்வாறு முழங்கியவர் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. தெரு அவருக்குச் சூட்டிய பட்டம் 'பூட்டு'. மானம், மரியாதை, குலப்பெருமை ஆகிய மூன்றுக்கும் அவரே கதவு, அவரே தாழ், அவரே சாவி.

அந்த வீட்டில் குழாய் ஒழுகினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். மின்விசிறி நின்றால் நின்றது நின்றதுதான். பழுதுபார்ப்போர் ஆண்கள், உள்ளே இருப்பவளோ இருபத்தெட்டு வயது மகள். வேலைக்குப் போகிறேன் என்று வாதாடிய அவளுடைய வாயை அடைக்கத்தான் ஒரு கணவாய் மீன் வாங்கித் தர ஒப்புக்கொண்டிருந்தார்.

தொட்டிக்காரி வந்தாள். கூடத்தில் கண்ணாடித் தொட்டியை நிறுத்தினாள், உப்புநீர் நிரப்பினாள், மணல் பரப்பினாள். வாரக்கணக்கில் நீரைப் பதப்படுத்திய பிறகே கணவாயை இறக்கினாள்.

"கண்ணாடியைத் தட்டாதீங்க சார். பயந்தா மையைப் பீச்சிடும், மொத்தத் தண்ணியும் பாழ்."

"துணைக்கு இன்னொண்ணு விடலாமா?"

"ரெண்டும் ஆணாப் போயிட்டா கடிச்சுக் குதறிக்கும் சார்."

"பார்த்தியாம்மா, ஆம்பளைங்க புத்தியை!" என்று மகளுக்குப் பாடம் நடத்தினார் பூட்டு.

வாரந்தோறும் வந்து தொட்டிக்காரி உப்பின் அளவைச் சோதித்தாள், வடிகட்டியைக் கழுவினாள். மகள் இறால் வாளியோடு கூடவே நின்றாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்டது பெண்களின் சிரிப்பு மட்டுமே என்பதால் பூட்டு பூரித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

"எனக்குக் கணவாய் போதும்ப்பா. கணவன் வேணாம்."

மகளின் சொல்நயத்தை மெச்சித் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

மறுமுறை வந்த தொட்டிக்காரி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "பெரிய ஆண் கணவாய், பெண்ணைச் சுத்திச் சுத்திக் காவல் நிக்கும் சார். பொடி ஆண் ஒண்ணு பெண் மாதிரி நிறத்தை மாத்திக்கிட்டு, அது கண்ணெதிரேயே உள்ளே பூந்துடும்!"

பூட்டுக்கு வியர்த்தது. தொட்டிக்காரியை ஏற இறங்கப் பார்த்தார். கட்டை முடி, காற்சட்டை, கரகரத்த குரல்! மாடிக்கு ஓடிக் கடைக்காரரை அழைத்தார்.

"யோவ், நீ அனுப்பினது நெஜமாவே பொம்பளைதானா?"

"என் கூடப்பொறந்த தங்கச்சி சார்! தொட்டில்ல போட்டு ஆட்டினவனே நான்தான்!"

போன உயிர் திரும்பியது. கதவுக்குத் தாழ்கூடப் போடாமல், நிம்மதியாகப் பகல் தூக்கம் போட்டார் பூட்டு.

கண்விழித்தபோது வாசலில் மகள் பெட்டியோடு நின்றாள். அருகே தொட்டிக்காரி, அவள் கையில் வாளி இல்லை, மகளின் கை இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டை வர வேணாம்னு சொல்லிடுங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் வீடு பார்த்துட்டோம்."

"எந்தப் பயடி அவன்?"

"பயலே இல்லப்பா."

இத்தனை நாளும் 'சார், சார்' என்றே பேசிய தொட்டிக்காரி, பணிவோடு தலை தாழ்த்தினாள்.

"என்னைப் பத்தி நல்லா விசாரிச்சுட்டீங்களாமே, மாமா!"