வலது மிதி

பியானோவுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காயெண்ணெய்."

துடைக்கும் துணியோடு நின்றவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பியானோவின் கால்மிதி கிறீச்சிட்டதும் அவள்தான் விட்டாள். கதவுக் கீல் கிறீச்சிட்டால் அதைத்தானே விடுவோம். இரண்டு நாள் அடங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் மிதித்தபோது பன்றி மாதிரி கத்தியது. மாடிவரை கேட்டுவிட்டது. மதுரையிலிருந்து பியானோ பழுதுபார்க்கும் இந்த மனிதரை மலைமேல் வரவழைத்துவிட்டார் வீட்டம்மா.

அந்த வீட்டில் வாசிக்க ஆளில்லை. வாசித்த மகன் கனடாவில்.

துடைப்பது மட்டும்தான். கட்டைகளில் கை அழுந்தக் கூடாது, சத்தம் வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னது.

அவள் கை அழுந்தவில்லை. கால்தான்.

போன ஆடியில், குனிந்து துடைக்கையில் முழங்கால் வலது மிதியில் அழுந்தியது. அந்த நேரம் பார்த்து இருமல். பியானோப் பெட்டிக்குள் யாரோ திருப்பி இருமினார்கள்.

பயந்து காலை எடுத்தாள். நின்றுவிட்டது.

மறுநாள் வேண்டுமென்றே மிதித்தாள். மூடியைத் தூக்கி, கம்பிகளுக்கு அருகே வாயை வைத்தாள்.

"கனி."

ஈ... என்று கம்பிகளுக்குள் நின்றது. நின்று, கரைந்தது.

மகள் மாரிக்கனி திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருக்கிறாள். விடுதி. மூன்று வருட ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன். வார்டன் பக்கத்திலேயே நிற்பாள்.

சாப்ட்டியா. சாப்ட்டேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வராது.

மற்ற ஆறு நாளும் பெட்டிதான் பதில் சொன்னது.

முன்பு கல்குவாரி வேலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்திக் கூப்பிட்ட தொண்டை அவளுக்கு. அடக்கிக் கூப்பிடப் பழக ஒரு வாரம் ஆனது.

மதுரைக்காரர் எண்ணெய் குடித்த கம்பளித் துண்டைப் பிடுங்கினார். புதியதை வைத்தார். உரசும் இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்தார்.

எழுந்து வந்து மிதித்துப் பார்த்தார். சத்தமில்லை.

மிதித்த காலை எடுக்காமல், கம்பிகள் மேல் குனிந்து, "ஏய்" என்றார்.

பெட்டி "ஏய்" என்றது.

அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

வீட்டம்மா இறங்கி வந்தார்.

"யாருமே தொடுறதில்லையே. எப்படிக் கெட்டுப்போச்சு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக.

அவளுக்கு வேலை போனால் வேறு வீடு கிடைக்கும். வேறு பியானோ கிடைக்காது.

"தொடாம கெடந்தாத்தாம்மா கெடும். தெனம் ஒருக்கா மிதிச்சு விடணும்."

"இவ்வளவுதானா?" வீட்டம்மா அவள் பக்கம் திரும்பினார். "கேட்டேல்ல? நாளையிலருந்து தொடைக்கும்போது நீயே மிதிச்சு விடு. மறந்து தொலைக்காத."

"சரிங்கம்மா."

வீட்டம்மா மாடி ஏறும்வரை நின்றாள். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

"எவ்வளவு நேரம்ண்ணே மிதிக்கணும்?"

அவர் திருப்புளியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"கூப்புட்டு முடியிற வரைக்கும் தாயி."