எல்லாரும் பார்த்தாச்சா?

பறவை பார்க்கப் போகும் எங்கள் குழுவுக்கு ஒரே விதி: ஒரு பறவை கண்ணில் பட்டால், எல்லாரும் "பார்த்தாச்சு" என்று சொல்லும்வரை யாரும் நகரக் கூடாது. விதி போட்டவர் பல் டாக்டர். ஆளை வாயைத் திறந்தபடியே உட்கார வைத்துப் பழகியவர்.

அன்று காலை பூங்காவில் பல் தந்தியடிக்கும் குளிர். அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இலை உதிர்ந்த மரமொன்றில் ஓர் ஆந்தை இருந்தது. வரிசையாகப் "பார்த்தாச்சு" சொன்னோம். கடைசியில் நின்றவள் நான், நானும் சொன்னேன்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "எனக்கு இன்னும் தெரியலையே" என்றது.

திரும்பினேன். வெறும் நடைபாதை.

டாக்டர் பொறுமையாகக் கை நீட்டி, "அந்த ஒடிஞ்ச கிளைக்கு மேல பாருங்க" என்றார்.

"தெரியலையே."

பொழுது சாய்ந்தது. காவலாளி விசில் ஊதிவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு போனான். டாக்டரின் நீட்டிய கை இறங்கவில்லை. ஆந்தையும் அசையவில்லை.

"தெரியுதுன்னு ஒரு பொய்யாவது சொல்லித் தொலையக் கூடாதா?" என்று அக்கா அழுதாள்.

குரல் என் காதருகே வந்தது. "கொஞ்சம் குனிஞ்சுக்கம்மா, உன் தலை மறைக்குது."

குனிந்தேன். என் தோளில் கை ஊன்றி, எம்பி, வெகுநேரம் பார்த்தது.

"ம்ஹும்" என்றது.