மீட்டரில் நூற்றுத் தொண்ணூறு

"கொலைகாரா! நாலு வாரத்துல எத்தனை பிள்ளைங்களைக் கொன்னிருக்கே, தெரியுமாடா உனக்கு?"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கத்தினார் எலாதியோ. முற்றத்தில் குந்தியிருந்த மருமகன் வில்பெர்த் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த குழாயைத் திருகிக்கொண்டே இருந்தான்.

செத்ததெல்லாம் மீன் முட்டை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற எலாதியோவுக்கு, பின்னறைத் தொட்டியில் நீந்தும் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன்கள்தான் உயிர். பெற்ற மகள் மேல் அதில் பாதிப் பாசம் இருந்திருந்தாலும் அந்த வீடு உருப்பட்டிருக்கும்.

மெரிதா ஊர்த் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்பு. அதில் அந்த முட்டைகள் பொரிக்காது. அதற்காகவே ஓர் ஆர்.ஓ. ஃபில்டரை மாட்டிக் கொடுத்திருந்தான் வில்பெர்த். வடிகட்டிய தண்ணீர் முற்றத்து டிரம்மில் சேரும். திங்கட்கிழமைதோறும் மதியச் சாப்பாடு ஆனதும் மாமனார் அதை எடுத்துத் தொட்டியில் மாற்றுவார்.

நாலு வாரமாக, மாற்றிய மறுநாளே முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடுகின்றன. நேற்று அந்த ஜோடி ஐந்தாம் முறையாக முட்டையிட்டிருந்தது.

"நான் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள கோளாறு எங்கேன்னு சொல்லிடணும். இல்லேன்னா பொண்டாட்டி புள்ளையோட இன்னைக்கே வெளியே போயிடு. வீட்டோட மாப்பிள்ளைக்குத் திமிர் வேற!"

கைக்குழந்தையோடு வாசலில் நின்ற மகள் மிர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. அது அந்த மனுஷனுக்கும் நன்றாகத் தெரியும்.

"மோட்டார் பிரஷர் சரியா இருக்கு மாமா" என்றான் வில்பெர்த். "முன் ஃபில்டர் சுத்தமா இருக்கு. மெம்பரேன் புதுசு. கழிவுக் குழாயிலயும் அடைப்பு இல்லை."

"ரிப்பேர்காரன் வசனமெல்லாம் எங்கிட்டப் பேசாதே! எல்லாம் சரியா இருந்தா என் முட்டை ஏன்டா சாகுது?" என்று எகிறியவர், மனைவி பக்கம் திரும்பினார். "அரசெலி, இன்னொரு கரண்டி போடு."

திங்கட்கிழமை ஆயிற்றே, பன்றிக்கறி போட்ட கறுப்புப் பயறு. அந்த ஊரில் அன்றைக்கு எந்த வீட்டிலும் வேறு சமையல் இருக்காது. அரசெலி பரிமாறினாள்.

"போன மாசம் பயறு வேகலைன்னு தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன் பாரு, அதுக்கப்புறம்தான் உனக்கே சமையல் வந்திருக்கு. இந்த வீட்டுல யாருக்கும் திட்டினாத்தான் புத்தி வரும்."

வில்பெர்த் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்தான். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் வைத்தான்: எழுநூற்று நாற்பது. ஃபில்டரிலிருந்து சொட்டிய தண்ணீரில் வைத்தான்: ஒன்பது.

"ஒன்பது! மாமா, வந்து பாருங்க! ஃபில்டர்ல ஒரு கோளாறும் இல்லை!"

எலாதியோ தட்டும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார். முகம் இன்னும் கடுகடுத்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட வில்பெர்த், அதோடு நிறுத்தியிருக்கலாம். போதாத நேரம், டிரம்மிலும் மீட்டரை விட்டுப் பார்த்தான்.

நூற்றுத் தொண்ணூறு.

"இது எப்படி?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். "டிரம்முல யாரோ குழாய்த் தண்ணியைக் கலந்திருக்காங்க மாமா."

"யாரோவா? நீதான்டா கலந்திருக்கே!"

"சத்தியமா நான் இல்லை."

"பின்னே எவன்? அந்த அறையைக் குழந்தைக்கு விடுங்கன்னு ரெண்டு மாசமா என் உயிரை வாங்கினது யாரு? மீன் தொலைஞ்சா அறை காலியாகும்னுதானே இந்த வேலை பண்ணினே, பாவி!"

அவன் அறையைக் கேட்டது உண்மைதான்.

"போடா! இப்பவே போ!"

வில்பெர்த் உள்ளே போனான். கொக்கியிலிருந்து தான் படுக்கும் வலை ஊஞ்சலைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினான். குழந்தை வீறிட்டது. மிர்னா அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதாப்பா?" என்று அழுதாள். எலாதியோ காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பயறை அள்ளி வாயில் வைத்தார்.

"ஊஞ்சலைத் திரும்ப மாட்டுங்க மாப்பிள்ளை."

அரசெலிதான். கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"டிரம்முல கலந்தது நான். திங்கக்கிழமை காலையில பெரிய பக்கெட்டால ஒண்ணு மொண்டுக்குவேன். குறைஞ்சது தெரியக் கூடாதேன்னு குழாய்த் தண்ணியை ஊத்தி வெச்சிடுவேன். ஒரு பக்கெட்ல என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

மாமனாருக்குக் கண் சிவந்தது. முப்பத்தைந்து வருஷமாகத் தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் பேசுகிறாளே என்ற அதிர்ச்சி வேறு.

"அடிப்பாவி! கூடவே இருந்து குழி பறிச்சியா? அத்தனை தண்ணியை எடுத்து என்னடி பண்ணினே?"

வாய் நிறையப் பயறோடு கத்தியவரின் தட்டைக் கரண்டியால் காட்டினாள் அரசெலி.

"குழாய்த் தண்ணியில பயறு இப்படி வேகுமா?"