சகோ. ஞானம்

மூன்று வருடமாகத் திருச்சபையின் சரித்திரத்தை ஆராய்ந்துவந்த பியூலா, கரையான் அரித்த முதல் நடவடிக்கைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி பொதுக்குழுவில் எழுந்தாள். பெண்களையும் சபையை நடத்தும் மூப்பராக்கும் தீர்மானத்தை அப்போதுதான் தலைவரான பாஸ்டர் ஒரே பேச்சில் தள்ளியிருந்தார்.

"ஆதி மூப்பர் ஏழு பேரும் ஆம்பளைங்க. சரித்திரம் படிக்கிற சிஸ்டருக்குத் தெரியாததா?"

"தெரியும் பாஸ்டர்" என்று ஏழு பெயர்களையும் வாசித்தாள். ஏழாவது, சகோ. ஞானம். மேடைச் சுவரின் கல்வெட்டிலும் அப்படித்தான் இருந்தது. அறுபது வருடமாக அதைச் சகோதரர் ஞானம் என்றே எல்லாரும் வாய்நிறையப் படித்துவந்தார்கள். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"மூப்பர் சகோ. ஞானத்துக்கு இன்று காலை சுகப்பிரசவம் ஆனபடியால், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது."

பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய அல்லேலூயாவில் தகரக் கூரையே அதிர்ந்தது. தலைவர் கல்வெட்டைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். செயலாளர் அவசரமாக அன்றைய குறிப்பில் 'சகோ' என்று எழுதத் தொடங்கினார்.

"புள்ளி வைக்காதீங்க பிரதர்" என்றாள் பியூலா. "முழுசா எழுதுங்க."