இடப்பக்க இருக்கை

அந்தக் கார் எப்போது முதலில் சாய்ந்தது என்று சுரேஷ்கண்ணனுக்கு இப்போது சரியாக நினைவில்லை. சாய்ந்தது இடப்பக்கம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கம்பம் ஊரில், வீட்டுக் கொட்டகையில் அவனே கட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். வெல்டர் ஹனீபா காரின் அடிச்சட்டமான சேஸிஸில், இடப்பக்கம் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார், ஸ்பிரிங்கையும் மாற்றினார். ஆளில்லாமலே அந்தப் பக்கம் மறுபடி இறங்கியது.

"யாரோ உக்காந்திருக்க மாதிரியில்ல இருக்கு தம்பி," என்று சிரித்தார்.

சுரேஷ்கண்ணன் சிரிக்கவில்லை. அந்தச் சேஸிஸ் மலைப்பாதையில் உருண்ட ஒரு காரிலிருந்து வெட்டி எடுத்தது. இடப்பக்கம் இருந்த பெண் பிழைக்கவில்லை என்று காயலான்கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். மனைவி ஹேமாவதியிடம் அவன் புது இரும்பு என்று சொல்லியிருந்தான்.

முதல் சவாரிக்கு வந்த ஹேமாவதி அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கீழே இறங்கியிருந்த பக்கம் மெல்ல எழுந்து சமமாக நின்றது.

"ஆள் ஏறுனா வண்டி எந்திரிக்குது. அம்புட்டா எளைச்சுட்டேன் நான்?" என்றாள். பிறகு இருக்கையைத் தடவிப் பார்த்தாள். "இங்கன சூடா இருக்கு. என்னங்க, இரும்பு புதுசுதானே?"

பக்கத்தில் நின்ற ஹனீபா தரையைப் பார்த்தார்; பற்றவைத்தவருக்கு அது பழைய இரும்பு என்று தெரியும்.

"புதுசுதான்," என்றான் சுரேஷ்கண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் இருக்கையிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் பழையபடி தாழ்ந்தது.

ஹனீபா இப்போது கார் வேலையைத் தொடுவதில்லை; திராட்சைப் பந்தல் வேலைக்கு மட்டும் போகிறார். ஹேமாவதி தேனிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறாள். சுரேஷ்கண்ணன் இன்னும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. காரைத் தனியாகத்தான் ஓட்டுகிறான். புறப்படும் முன் இடப்பக்க இருக்கையின் சீட் பெல்ட்டையும் மாட்டிவிடுகிறான்.